பிளொப்பியிலும் பழைய இறுவட்டிலும் கிடக்கும் சங்கப் பதிவேடுகளை எவ்வாறு மீட்பது?

எழுவான்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிராமம் ஒன்றில் இயங்கும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இவ்வருடம் பொறுப்பேற்றிருக்கிறேன். காரியாலயத்து இரும்பு அலுமாரியை ஒதுக்கியபோது அதன் அடித்தட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கணினிக் காலத்துப் பொருட்கள் இருந்தன. மூன்றரை அங்குலப் பிளொப்பிகள் (கணினிக் கோப்புகளைப் பதியும் காந்தத் தட்டுகள்) ஏறத்தாழ அறுபது, கடதாசி உறையில் இட்ட ஐந்தேகால் அங்குலப் பிளொப்பிகள் பத்துப் பன்னிரண்டு, பிளொப்பியைவிடக் கூடுதலாகக் கொள்ளும் ஜிப் டிஸ்க் இரண்டு, லேபல் ஒட்டிய இறுவட்டுகள் (சீடி) சில என்பன அவற்றுள் அடங்கும். அவற்றை எழுதிய கணினியும் மூலையில் இருக்கிறது; ஆனால் அது இயங்குவதில்லை.

லேபல்களில் ‘உறுப்பினர் பங்கு 94–97’, ‘கடன் லெஜர்’, ‘பொதுக்கூட்ட அறிக்கை’, ‘நிவாரணப் பட்டியல் 2005’ என்றெல்லாம் பேனாவால் எழுதப்பட்டுள்ளது. இவை வெறும் பழங்கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கடதாசிப் பேரேடுகளில் பெரும்பகுதியை 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடல் கொண்டு போனது. தப்பியவற்றில் கீழ்த்தட்டில் இருந்தவை 2011 ஜனவரி வெள்ளத்தில் ஊறிப்போயின. இப்போது காலஞ்சென்ற உறுப்பினர்களின் பிள்ளைகள், சிலர் கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும்கூட, பெற்றோரின் பங்குப்பணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சான்று இந்தப் பெட்டிக்குள் இருக்கலாம் என்பது என் எண்ணம். நிருவாக சபையில் பாதிப்பேர் இதைக் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். மீதிப்பேர் நகரத்துக் கணினிக் கடையொன்றில் கொடுத்து, உள்ளதை ஒரு பென் டிரைவில் போட்டு வாங்கிவிடலாம் என்கிறார்கள்.

தெரிந்த ஆசிரியர் ஒருவரிடமிருந்த பழைய கணினியில் ஒரேயொரு பிளொப்பியை மட்டும் வாசித்துப் பார்த்தோம். கோப்பு திறந்தது. ஆனால் உள்ளே தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் இடையிடையே ஏராளமான அரைப்புள்ளிகளும் நிறைந்திருந்தன. தட்டு கெட்டுவிட்டதா, கோப்பு கெட்டுவிட்டதா என்று விளங்கவில்லை. இவற்றை வாசிக்க முடியுமா, முடியுமானால் எதை முதலில் செய்ய வேண்டும், கடைக்குக் கொடுப்பது சரியா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் சபையில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

கல்முனை வன்பொருள் எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு, முதலில் ஒரு வேண்டுகோள். இனி இன்னொரு பிளொப்பியை எந்தக் கணினியிலும் சும்மா போட்டுப் பார்க்க வேண்டாம். வாசிப்பது மட்டும்தானே, என்ன நடந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் 95, 98 ஆகியவை எழுத்துத்தடை இடப்படாத பிளொப்பியைத் திறந்தாலே அதன் முதலாவது செக்டரில் (தரவு பதியப்படும் சிறு துண்டுப் பகுதியில்) தம் அடையாளக் குறியொன்றைப் பதிந்துவிடும் பழக்கமுடையவை. பிந்திய விண்டோஸோ தனக்கு விளங்காத தட்டைக் கண்டதும் ஃபோர்மட் செய்யவா என்று கேட்கும்; பக்கத்தில் நிற்கும் யாராவது அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முதலில் எழுத்துத்தடை இடுங்கள். மூன்றரை அங்குலத் தட்டின் பின்புறத்து மூலையில் ஒரு சிறிய வழுக்குத் தாழ்ப்பாள் இருக்கும். அதை நகர்த்தி, ஓட்டையூடாக வெளிச்சம் தெரியும்படி வைத்தால் அந்தத் தட்டில் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத் தட்டுக்கு இது தலைகீழ்: ஓரத்து வெட்டு திறந்திருந்தால் எழுதலாம், அதை ஒளி புகாத நாடாவால் மூடினால்தான் தடை. பலர் இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, கோப்புகளைப் பிரதி செய்வதும் தட்டையே படிமமாக எடுப்பதும் ஒன்றல்ல என்பதைச் சபைக்கு விளங்கப்படுத்துங்கள். கடைக்காரர் பென் டிரைவில் போட்டுத் தருவது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை மட்டும். ஒரு கோப்பின் நடுவில் ஒரு செக்டர் வாசிக்கப்படாவிட்டால் விண்டோஸ் அந்தக் கோப்பு முழுவதையும் கைவிட்டுவிடும். கடைக்காரரும் ‘இது ஓப்பின் ஆகவில்லை’ என்று அதை விட்டுவிடுவார். படிமம் எடுக்கும்போதோ தட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை உள்ளது உள்ளபடி ஒரே கோப்பாக வந்து சேரும். அழிக்கப்பட்டவையாகக் கருதப்படும் கோப்புகளின் மிச்சங்களும் அதில் இருக்கும். வழமையான 1.44 மெகாபைட் பிளொப்பி ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 செக்டர்கள், செக்டருக்கு 512 பைட்கள் என்ற கணக்கில் இரண்டு பக்கங்களிலும் பதியப்படுவது. ஆகவே முழுமையான படிமம் சரியாக 1,474,560 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம். 720 கிலோபைட் தட்டென்றால் 737,280. எண்ணைப் பார்த்தே வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். உங்கள் அறுபது தட்டுகளும் சேர்ந்து 90 மெகாபைட்டைத் தாண்டாது என்பதால் இடத்தைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

படிமம் எடுப்பதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருளையே நான் பாவிக்கிறேன். அது முதலில் இலகுவாக வரும் பகுதிகளை எடுத்துவிட்டு, வராத செக்டர்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும். அந்த வரைபடக் கோப்பைக் கையில் வைத்திருந்தால் அதே தட்டை இன்னொரு டிரைவில் போட்டு, விடுபட்ட செக்டர்களை மட்டும் தொடர்ந்து முயலலாம். ஒரு டிரைவ் வாசிக்க மறுத்ததை இன்னொன்று எந்தச் சிரமமும் இல்லாமல் வாசிப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். மூன்றரை அங்குலத் தட்டுகளுக்கு யூஎஸ்பியில் பொருத்தும் வெளிப்புற டிரைவ் போதும். பிளொப்பித் தயாரிப்பை சோனி நிறுவனம் 2011 இல் நிறுத்திவிட்டாலும் இந்த டிரைவ்கள் இன்னும் இணையத்தில் விற்கப்படுகின்றன. இரண்டு வாங்குங்கள், ஒன்று காலை வாரினால் மற்றது இருக்கும்.

ஐந்தேகால் அங்குலத்துக்கு அப்படி இலகுவான வழி இல்லை. பழைய கணினியிலிருந்து கழற்றிய உள் டிரைவ் ஒன்றும், ‘கிரீஸ்வீசில்’ போன்ற ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையும் வேண்டும். இந்தப் பலகை செக்டர்களைக் கேட்டு வாங்குவதில்லை. தட்டின் மேற்பரப்பில் காந்தத் திசை எங்கெங்கே மாறுகிறது என்பதை அப்படியே பதிந்து கணினிக்குக் கொடுக்கும். ஆகவே கணினிக்குப் பரிச்சயமில்லாத ஃபோர்மட்டாக இருந்தாலும் பிறகு ஆறுதலாக இருந்து பிரித்தெடுக்கலாம். அந்த டிரைவுக்கு யூஎஸ்பி மின்சாரம் போதாது, 12 வோல்ட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இயங்காத அந்தக் கணினியை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். பழைய டிரைவ்களில் வாசிப்புத் தலை காலப்போக்கில் தடத்திலிருந்து சற்று விலகிவிடும். விலகிய நிலையிலேயே அது வருடக்கணக்காக எழுதியிருந்தால், அந்தத் தட்டுகளை நேராக இருக்கும் புதிய டிரைவ்களால் வாசிக்க முடியாமல் போகலாம். எழுதிய அதே டிரைவ் மட்டுமே வாசிக்கும். கணினி இயங்காவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் டிரைவும் வன்தட்டும்தான் தேவை. வன்தட்டிலேயே பேரேடு முழுவதும் இருந்தால் பிளொப்பிகளை இவ்வளவு பாடுபடுத்த வேண்டிய தேவையும் குறையும்.

அக்கரைப்பற்று நூலகர் எழுதியது:

கல்முனைச் சகோதரர் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் வரிசையை மட்டும் மாற்றச் சொல்வேன். பிளொப்பியைத் தொடுவதற்கு முன் இறுவட்டுகளை எடுங்கள். பழையது எதுவோ அதுதான் முதலில் கெடும் என்று நாம் நினைப்பது வழக்கம். இங்கே அப்படியல்ல; எழுதக்கூடிய இறுவட்டில் தரவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெளிச்சமும் வெக்கையும் ஈரமும் அதற்குப் பகை. எங்கள் கரையோரத்தில் இந்த மூன்றுக்கும் குறைவில்லை. நல்ல பிளொப்பி முப்பது வருடம் கழித்தும் வாசிக்கப்படுவதைக் காண்கிறோம். மலிவான இறுவட்டு பத்து வருடத்திலேயே கைவிடுவதையும் காண்கிறோம்.

இறுவட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனையளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் பிரதிபலிக்கும் படலம் அந்த இடங்களில் போய்விட்டது. அந்தப் படலம் இருப்பது லேபல் பக்கத்து மேற்பூச்சுக்குச் சற்றுக் கீழே. அதனால் லேபல் பக்கத்தில் விழும் கீறல்தான் உண்மையில் ஆபத்தானது. ஒட்டிய கடதாசி லேபலை ஒருபோதும் உரிக்க வேண்டாம். உரித்தால் தரவும் அதோடு உரிந்து வரும். இறுவட்டு வெறுமையாகத் தெரிகிறது என்பதற்காகவும் அதை எறிந்துவிடாதீர்கள். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரே இறுவட்டில் பல அமர்வுகளாகச் சேர்த்துச் சேர்த்து எழுதி, கடைசிவரை மூடாமல் விட்டுவிடுவார்கள். சாதாரண டிரைவ் அதில் கடைசி அமர்வை மட்டும் காட்டும் அல்லது ஒன்றையும் காட்டாது. ‘ஐசோபஸ்டர்’ போன்ற மென்பொருள்கள் முந்திய அமர்வுகளையும் தேடிக் காட்டும்.

பிளொப்பிகளில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது வேலை. உலோகக் கதவை விரலால் ஒருபுறம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்புறத்து நடுச்சில்லை மெதுவாகச் சுற்றுங்கள். கரும்பழுப்புப் பரப்பு மாசில்லாமல் பளபளவென்று வர வேண்டும். வெள்ளைத் திட்டுகளோ பூப்பூத்தது போன்ற மங்கலோ, வட்டமாக ஓடும் கீறலோ தெரிந்தால் அந்தத் தட்டைத் தனியே வையுங்கள். பூஞ்சை பிடித்த ஒரு தட்டைப் போட்டால் அது டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்தடுத்துப் போடும் நல்ல தட்டுகளையும் சுரண்டிவிடும். ஒரு தட்டு பிரச்சினை தந்தவுடன் தலையை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். தட்டையே கழுவுவது முடியாத காரியமன்று: உறையைக் கவனமாகப் பிளந்து, உள்ளிருக்கும் மெல்லிய வட்டத்தை எடுத்து, நூல் உதிராத துணியில் அல்ககோல் தொட்டு மெதுவாகத் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு வெற்றுத் தட்டின் உறைக்குள் இட்டு வாசிக்கலாம். இருந்தாலும் கை பழகாமல் ‘கடன் லெஜர்’ என்று எழுதிய தட்டில் இதைத் தொடங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, பெட்டியை இருந்த ஒழுங்கிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, லேபலின் இரு பக்கத்தையும் படம் பிடித்து, படிமக் கோப்புக்கும் அதே இலக்கத்தைச் சூட்டுங்கள். லேபலில் என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்து, எந்த உறைக்குள் இருந்தது என்பவையும் பதிவேட்டின் பகுதிதான். அந்தக் காலத்து எழுதுவினைஞர் ஊரில் இருந்தால் இப்போதே போய்க் கேளுங்கள். ‘லெஜர் 3’ என்பது மூன்றாம் காலாண்டா, மூன்றாம் பிரதியா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது.

வந்தாறுமூலை எழுத்துரு எழுதியது:

நீங்கள் கண்ட அரைப்புள்ளிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தட்டும் கெடவில்லை, கோப்பும் கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் என்பது என் கணிப்பு.

தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யுனிகோடு முறை பரவுவதற்கு முன்னர் இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களில் பெரும்பாலோர் பாமினியையும் அதே விசையமைப்பைக் கொண்ட எழுத்துருக்களையும்தான் பாவித்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒவ்வொரு சொல்லிலும் அரைப்புள்ளி சிதறிக் கிடக்கும். பாமினி எழுத்துருவை நிறுவிவிட்டு வேர்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே நொடியில் கூட்ட அறிக்கை கண்முன்னே வந்துவிடும்.

அதை யுனிகோடுக்கு மாற்றும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நீங்கள் மீட்கப்போவது கதையோ கவிதையோ அல்ல, கணக்கு. பாமினியில் ‘இ’ என்ற எழுத்து காற்புள்ளி விசையில் உட்கார்ந்திருக்கிறது. மாற்றி மென்பொருளில் கோப்பை மொத்தமாகப் போட்டால், ரூபாய் 12,500 என்று ஆங்கில எழுத்துருவில் அழகாக எழுதியிருந்த தொகை 12இ500 என்று வெளியே வரும். இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களின் பழைய பக்கங்களில் எண்களுக்கு நடுவே ‘இ’ முளைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள்; காரணம் இதுதான். அடையாள அட்டை இலக்கத்துக்கும் இதே கதி. பழைய இலக்கம் ஒன்பது எண்களுக்குப் பின் ஆங்கில ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ கொண்டு முடியும். பாமினியில் பெரிய ‘வீ’ இருக்குமிடம் ‘ஏ’, பெரிய ‘எக்ஸ்’ இருக்குமிடம் ‘ஓ’. ஆகவே உறுப்பினர் எல்லோருடைய அடையாள அட்டையும் ‘ஏ’ என்று முடியும் ஒரு பட்டியல் உங்கள் கைக்கு வந்து சேரும். ‘ஏ’யைக் கண்டால் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம், சிக்கல் என்னவென்றால், காற்புள்ளியிலிருந்து வந்த ‘இ’ எது, பெயரின் முதலெழுத்தாக வந்த ‘இ’ எது என்பது இராசம்மா, இராமலிங்கம் என்று பெயர்கள் நிறைந்த பட்டியலில் எப்போதும் தெளிவாக இராது.

வேர்ட் கோப்புகள் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைத் தம்முள் பதிந்து வைத்திருக்கும். ஆகவே எழுத்துருவைப் பார்த்துப் பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். ஆங்கில எழுத்துருவில் உள்ள எண்களைத் தொட வேண்டாம். வெறும் உரைக் கோப்புக்கும் தரவுத்தளக் கோப்புக்கும் அந்த வசதி இல்லை. அவற்றில் எந்தக் களம் தமிழ், எந்தக் களம் எண் என்று நீங்களே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

தரவுத்தளம் என்றதும் ஒன்று. 94–97 காலத்து உறுப்பினர் பங்குக் கணக்கு டிபேஸ் அல்லது ஃபொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் செய்யப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் கோப்புகளை லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திறக்கும். டிபேஸில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே மறைந்துவிடாது. வரிசையின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். ‘பெக்’ என்ற கட்டளை கொடுத்துச் சுருக்கும்வரை அந்தப் பதிவு முழுவதும் கோப்புக்குள் அப்படியே கிடக்கும். விலகியவர், இறந்தவர் என்று அந்த நாளில் அழிக்கப்பட்ட உறுப்பினர்கள்தானே இன்று நீங்கள் தேடுபவர்கள்? லிப்ரே ஒஃபிஸின் தரவுத்தளப் பகுதியில் அழிக்கப்பட்ட பதிவுகளையும் காட்டு என்றொரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள்.

மூலக் கோப்பை மாற்றாமல் அப்படியே வைத்து, அதனோடு அந்தப் பழைய கணினியில் இருந்த எழுத்துருக் கோப்புகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாமினி என்ற பெயரிலேயே சிறு சிறு வேறுபாடுகளோடு பல பதிப்புகள் உலாவின; உங்கள் எழுதுவினைஞர் எதைப் பாவித்தார் என்பதற்கு அந்தக் கணினியே சாட்சி. யுனிகோடுப் பிரதி தேடுவதற்கும் வாசிப்பதற்கும் உதவும். தொகையில் ஐயம் வந்தால் மூலத்தைப் பாமினியிலேயே திறந்து ஒப்பிட வேண்டும்.

சம்மாந்துறைச் சட்டவாசகர் எழுதியது:

தொழில்நுட்பம் எனது துறையன்று. ஆனாலும் கடைக்குக் கொடுக்கும் யோசனையை நான் எதிர்க்கிறேன். அதற்குக் காரணம் கடைக்காரரின் திறமை அல்ல. ‘நிவாரணப் பட்டியல் 2005’ என்ற லேபலை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த வருடத்துப் பட்டியல்களில் குடும்பத்தில் யார் இறந்தார், யார் காணாமற்போனார், வீடு எங்கே இருந்தது, அடையாள அட்டை இலக்கம் என்ன, எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பன எல்லாம் இருக்கும். எங்கள் மாவட்டங்களில் இத்தகைய பட்டியல் எவர் கைக்குப் போகிறது என்பது சிறிய விடயமல்ல என்பதை இந்தக் கரையில் வாழும் மூன்று சமூகத்தவரும் அறிவர். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதையும் சபைக்கு நினைவூட்டுங்கள். வேலையைச் சங்கக் காரியாலயத்திலேயே, சபை உறுப்பினர் இருவர் முன்னிலையில் செய்வியுங்கள். எழுத்துரு மாற்றத்துக்கும் இதுவே பொருந்தும்: இணையத்திலுள்ள மாற்றிப் பக்கங்களில் உறுப்பினர் பட்டியலை ஒட்டிவிடாமல், கணினியில் நிறுவிப் பாவிக்கும் மாற்றியைத் தேடிக்கொள்ளுங்கள்.

வாரிசுகளின் கோரிக்கையைப் பொறுத்தவரை, ஓர் ஆவணம் மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது என 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கூறுகிறது. எனினும் அது உண்மையான ஆவணமா, இடையில் எவரும் கை வைக்கவில்லையா என்ற கேள்வி எழும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நிச்சயம் எழும். ஆகவே ஒவ்வொரு தட்டும் எந்தத் திகதியில், யார் முன்னிலையில், எந்த இயந்திரத்தில் வாசிக்கப்பட்டது என்று கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் இடுங்கள். படிமம் எடுத்தவுடனே அதற்கு ‘ஷா-256’ சரிபார்ப்பு இலக்கம் கணித்து அதையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துவிட்டால், பின்னொரு நாள் படிமத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்று என் மகன் சொல்கிறான். பிளொப்பிகளை வாசித்து முடிந்ததென்று எறிந்துவிடாதீர்கள். மூலம் எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டியது அவற்றையே. பங்குத்தொகை பெரிதாக இருக்குமானால் எதற்கும் ஒரு சட்டத்தரணியைக் கலந்துகொள்ளுங்கள்.

நூலகருக்கு ஒரு சிறு மறுப்பு. எல்லாவற்றையும் மீட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பங்கு, கடன், பொதுக்கூட்ட அறிக்கை ஆகிய மூன்றையும் முதலில் முடியுங்கள். சுற்றுநிருபங்களுக்கும் கலை விழா அழைப்பிதழ்களுக்கும் சங்கத்தின் பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

அக்கரைப்பற்று நூலகர் எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தத் தட்டில் அழைப்பிதழ் இருக்கிறது என்பது வாசித்த பிறகுதானே தெரியும்? லேபலை நம்ப முடியாது. பிளொப்பி அருமையாக இருந்த காலத்தில் ஒன்றையே அழித்து அழித்து எழுதுவார்கள், லேபலை மாற்றமாட்டார்கள். படிமம் எடுக்கும் வேலையை எல்லாவற்றுக்கும் செய்துவிட்டு, மாற்றிப் படிக்கும் வேலையை மட்டும் நீங்கள் சொன்ன வரிசையில் செய்யலாம். பொதுக்கூட்ட அறிக்கைகளையும் மலர்களையும் சபை விரும்பினால் பிறகு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் அவர்கள் இணையத்தில் சேகரித்து வருகிறார்கள். ஆட்பெயர்ப் பட்டியல்களை மட்டும் கொடுக்க வேண்டாம்.

எழுவான்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் வீட்டில் பாமினியை நிறுவிப் பார்த்தோம். திறந்தது 1996 ஆம் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை. அதைக் கண்டபின் எறியச் சொன்னவர்களும் பேச்சை மாற்றிவிட்டார்கள். யூஎஸ்பி டிரைவ்கள் இரண்டு வாங்கவும், வேலையைக் காரியாலயத்திலேயே இரு உறுப்பினர் முன்னிலையில் செய்யவும் சபை சம்மதித்துள்ளது. பழைய எழுதுவினைஞர் அம்மா களுவாஞ்சிகுடியில் மகளோடு இருக்கிறார்; அவரையும் அழைக்க இருக்கிறோம். எனக்கு மீதமிருப்பவை இரண்டு கேள்விகள். மீட்டவற்றை எங்கே வைப்பது? அந்த இரண்டு ஜிப் டிஸ்க்கையும் என்ன செய்வது?

கல்முனை வன்பொருள் எழுதியது:

மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று காரியாலயக் கணினியில், ஒன்று வெளிப்புற வன்தட்டில், மற்றது மாவட்டத்துக்கு வெளியே. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடல் வரும், மேற்கே படுவான்கரையில் வெள்ளம் வரும். வாவிக்கு அக்கரையில் வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று இருந்துவிடக் கூடாது. பதுளையிலோ கண்டியிலோ நம்பிக்கையான ஒருவரிடம் கடவுச்சொல் இட்ட வன்தட்டாகக் கொடுத்து வைக்கலாம். பென் டிரைவ் கொண்டு போக நல்லது, வைத்திருக்க நல்லதல்ல. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் மூன்றையும் திறந்து சரிபார்ப்பு இலக்கங்களை ஒப்பிடும் வேலையைக் கணக்காய்வோடு சேர்த்துவிடுங்கள்.

ஜிப் டிஸ்க்கைப் பொறுத்தவரை, 100 மெகாபைட் தட்டுகள் என்றால் யூஎஸ்பி வகை ஜிப் டிரைவ் ஒன்று கிடைத்தாலே இன்றைய கணினியிலும் வேலை செய்யும். பழைய பேரலல் போர்ட் வகையை வாங்கி அல்லற்பட வேண்டாம். டிரைவைப் பயன்படுத்தியவர் யாரென்று விசாரித்து, உங்கள் தட்டைப் போடுவதற்கு முன் தேவையற்ற ஒரு தட்டைப் போட்டுப் பாருங்கள். ‘டிக், டிக்’ என்று விடாமல் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். தலை சேதமடைந்த டிரைவ் நல்ல தட்டின் ஓரத்தைக் கிழிக்கும். ஓரம் கிழிந்த தட்டு அடுத்த நல்ல டிரைவின் தலையைக் கெடுக்கும். உங்கள் தட்டுகளின் உலோகக் கதவையும் நகர்த்தி, விளிம்பு மழமழவென்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு யூஎஸ்பி ஜிப் டிரைவ் இருக்கிறது. பிளொப்பி வேலை முடிந்ததும் தனிச்செய்தியில் எழுதுங்கள். நானே கொண்டுவந்து உங்கள் காரியாலயத்தில் வைத்து வாசித்துத் தருகிறேன்.